முதல் பிள்ளைக்கு வராத வீக்கம்

அத்தியாயம் 17

காரியாபட்டி தாண்டிய வளைவில், வாடகைக் காரின் பின்சீட்டில் மாரிக்கனிக்கு வலிப்பு வந்தது. போன வார அத்தியாயத்தை அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம். அன்று மத்தியானமே கிராம நர்ஸம்மா அவளுக்குப் பிரஷர் பார்த்திருந்தார். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சி, அது திரிந்த பால் மாதிரி வெளுத்துப்போனதை சீனிச்சாமியிடம் காட்டி, "இப்பவே மதுரைக்குக் கிளம்புங்க, நாளைக்குன்னு சொல்லாதீக" என்று விரட்டியதும் அவர்தான்.

அவர் விரட்டியதால் உயிர் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, மதுரைப் பெரியாஸ்பத்திரியின் பிரசவ வார்டில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் மாரிக்கனி படுத்திருந்தாள். எட்டாவது மாதம். முகம் உப்பி, கண் இரண்டும் கோடாகச் சிறுத்திருந்தன. இடுப்பின் இரு பக்கமும் போட்ட ஊசி நெருப்பாக எரிந்தது. மணிக்கொரு தரம் ஒரு நர்ஸ் வந்து சிறு சுத்தியலால் அவள் முழங்காலைத் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

சீனிச்சாமி கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான். திருச்சுழியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே சாக்கும் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவன். மல்லி விதைக்கிற நேரம், கடையில் கூட்டம் நெரிகிற நாட்கள். கடையைப் பூட்டிய சாவி சட்டைப் பையில் கிடந்தது. அது அங்கே இருப்பதையே அவன் மறந்திருந்தான்.

நாற்பது வயதில் அவன் செய்துகொண்ட முதல் கல்யாணம் இது. மாரிக்கனிக்கு இரண்டாவது. முதல் புருஷன் நரிக்குடி சங்கையா மஞ்சள் காமாலையில் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவர் விட்டுப்போன மகள் சுகப்பிரியாவுக்கு ஏழு வயது. போன வருஷம் ஆவணியில் அருப்புக்கோட்டை ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றியபோது, அந்தச் சிறுமிதான் இரண்டு மாலைகளையும் எடுத்துக் கொடுத்தாள். சீனிச்சாமியின் அம்மா முத்துமாரியம்மாள் அன்று வரவில்லை.

இன்று வந்திருந்தாள். பாளையம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, சுகப்பிரியாவையும் கையில் பிடித்துக்கொண்டு, ஏழரை மணிக்கெல்லாம் வார்டு வாசலில் நின்றாள்.

"பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வாரது? அதான் கூட்டியாந்தேன்" என்றாள் மகனிடம். கட்டிலைப் பார்த்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தாள். அதைச் சீனிச்சாமி கவனிக்கவில்லை.

எட்டரை மணிக்கு ஒரு சின்ன டாக்டரம்மா வந்தார். மேல்படிப்புப் படிக்கிறவர். கையில் அச்சடித்த தாள்கள். இந்த நோய் வந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பரிசோதித்து ஆராய்ச்சி எழுதுவதாகவும், கொஞ்சம் ரத்தம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். மாரிக்கனி தலையசைத்தாள்.

"முதல் பிள்ளைக்கு இப்படி வீக்கம் வந்துச்சாம்மா?"

"இல்லைங்க. ஒரு தலைவலிகூட வரலை. கடைசி நாள் வரைக்கும் களை வெட்டப் போனேன்."

"அந்தப் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் அப்பா ஒருத்தர்தானா?"

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். மாரிக்கனி புருஷனைப் பார்த்தாள்.

"இல்லைங்க டாக்டர்" என்றான் சீனிச்சாமி. "அவுக தவறிட்டாக. வயித்துல இருக்கிறது என் பிள்ளை."

டாக்டரம்மா தாளில் ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டார். அந்தப் பேனா போன திசையையே முத்துமாரியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அம்மாவுக்கு, அக்கா தங்கச்சிக்கு யாருக்காவது பிரசவத்துல வலிப்பு வந்திருக்கா?"

"யாருக்கும் இல்லைங்க."

"இவங்க யாரு, மாமியாரா? பாட்டி, உங்களுக்கு வந்திருக்கா?"

"எனக்கா?" முத்துமாரியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் வரலை. ஒரே பிள்ளை. சுகமா பெத்தேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

அவர் நகர்ந்ததும், மகனைக் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள் முத்துமாரியம்மாள். சுகப்பிரியாவும் பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றாள்.

"பாத்தியாய்யா? டாக்டரே கேக்குறாக, அப்பன் ஒருத்தனான்னு. இவளுக்குக் கால் வீங்குதுன்னு கேட்டுக் குறி பாக்கப் போனப்ப, கோடாங்கி வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாரு. செத்துப்போன அந்த மனுஷன் இவள விடலையாம். தன் பிள்ளை இருக்கிற எடத்துல இன்னொருத்தன் பிள்ளை பொறக்கக் கூடாதுங்கிறானாம்."

"அம்மா, சும்மா இரு."

"நான் சும்மாதான் இருந்தேன். இந்தப் பிள்ளைய அவுக பெரியப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டா எல்லாம் சரியாப்போகும்னு சொன்னாரு. அவுக சொத்து, அவுககிட்டயே போகட்டுமேய்யா. ரெண்டு உசுரு பிழைக்கும்ல."

"பிள்ளை நிக்குதும்மா!"

முத்துமாரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். சுகப்பிரியா சுவரில் ஒட்டியிருந்த குடும்பநல விளம்பரத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பதைப் போலத்தான் தெரிந்தது.

சீனிச்சாமி டாக்டரம்மாவைத் தேடி நடந்தான். கேள்வி அவனையும் குத்தியிருந்தது. கோடாங்கி சொன்னதை ஒதுக்கிவிடலாம். டாக்டர் எதற்குக் கேட்டார்?

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மேசை மேல் மைக்ரோஸ்கோப். டாக்டரம்மா கண்ணாடித் துண்டில் ஒரு துளி ரத்தத்தை இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தார். அது மாரிக்கனியின் ரத்தம்.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? பிள்ளைக்கு அப்பன் யாருங்கிறதுக்கும் பிரஷருக்கும் என்ன இருக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வியை எந்த இடத்தில் கேட்டோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது போலிருந்தது.

"அத நான் தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். மன்னிச்சுக்குங்க" என்றார். "உக்காருங்க."

சாயம் ஊற்றிக் காயவைத்த வேறொரு கண்ணாடித் துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். "இது நேத்து ராத்திரி எடுத்தது. பாருங்க."

சீனிச்சாமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். வெளிறிய சிவப்பு வட்டங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. நடுவில் அங்கங்கே ஊதா நிறத்தில் புள்ளி வைத்த பெரிய உருண்டைகள்.

"அந்த ஊதாதான் வெள்ளை அணு. வெளியில இருந்து எது உள்ள வந்தாலும் அடையாளம் கண்டு அழிக்கிறது அதோட வேலை. இப்ப யோசிங்க. வயித்துல வளர்ற பிள்ளை பாதி அம்மா, பாதி அப்பா. அப்பாவோட பாதி அவங்க உடம்புக்கு அந்நியம்தான். ஆனாலும் எல்லா அம்மாவும் பத்து மாசம் சுமக்குறாங்க. ஏன்னா கர்ப்பத்துல இந்த அணுக்கள் தன் போக்கை மாத்திக்கும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில வேர் பிடிக்கிறதுக்குக்கூட அதுல சில வகை ஒத்தாசை பண்ணும்."

"மாரிக்கு?"

"அந்த மாற்றம் சரியா அமையலைன்னு நினைக்கிறோம். நஞ்சுக்கொடிக்குப் போற ரத்தக்குழாய் அகலமாகலை. அணுக்கள் தேவையில்லாம உசுப்பேறிக் கிடக்கு. உடம்பு முழுக்க ரத்தக்குழாய்க்குள்ள இருக்கிற மெல்லிசான தோல் கெட்டுப்போகுது. அதான் பிரஷர். அதான் வீக்கம், வலிப்பு எல்லாம். முதல் கர்ப்பத்துலதான் இது அதிகமா வரும். அப்பா மாறினா, சில பேருக்கு அதுவும் முதல் கர்ப்பம் மாதிரியே ஆகிடுதோன்னு ஒரு சந்தேகம். உறுதியா யாருக்கும் தெரியாது. தெரியாததாலதான் நான் ஒவ்வொருத்தர் ரத்தத்துலயும் இந்த அணுக்களை எண்ணிக்கிட்டிருக்கேன்."

சீனிச்சாமி மறுபடி குனிந்து பார்த்தான். ஊதா உருண்டைகள் அசையாமல் கிடந்தன.

"அப்ப இதுகளுக்குத்தான் என் பிள்ளை ஆகலை."

"அதுக்கு விருப்பமும் கிடையாது, வெறுப்பும் கிடையாதுங்க. அணு அது." டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "அவங்க மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் இல்ல, செத்துப்போனவர் மேலயும் இல்ல. பிள்ளையில பாதி உங்களோடது. சில சமயம் அப்பா வழியிலகூட இது வரலாம்னு சொல்றாங்க. அதனாலதான் உங்கம்மாவையும் கேட்டேன்."

அவன் எழுந்து வந்தான். பாதி புரிந்தது. புரிந்த பாதி வலித்தது.

மாரிக்கனி விழித்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாக?"

"ஒண்ணுமில்ல."

"அத்தை தாழ்வாரத்துல பேசுனது எனக்குக் கேட்டுச்சு. நீங்க சொல்லுங்க."

அவன் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். சொல்லக்கூடாது என்று நினைத்தான். ஆனாலும் வாய் சொல்லிவிட்டது.

"உன் உடம்பு என் பிள்ளைய ஏத்துக்கிடலையாம் மாரி."



"உடம்பு என்னையக் கேட்டா செஞ்சுச்சு?" என்றாள். "நாலு மாசத்துல இருந்து தலை வெடிக்குது. சொன்னேனா? சொன்னா டவுனுக்குக் கூட்டிப் போவீக, டாக்டர் பிள்ளைய எடுத்துரணும்னு சொல்லிருவாகன்னு பயந்து வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன். இதுக்கு மேல எப்படிங்க ஏத்துக்கிடணும்?"

சீனிச்சாமி அவள் கையைத் தொட்டான். விரல்கள் வீங்கி, அவன் போட்ட மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. நேற்று நர்ஸ் சோப்புப் போட்டும் கழற்ற முடியாத மோதிரம்.

"தப்பாச் சொல்லிட்டேன்" என்றான். "எனக்குச் சொல்லத் தெரியலை."

"ஏங்க..." அவள் குரல் மாறியது. "ஜன்னலைச் சாத்திட்டாகளா?"

ஜன்னல் திறந்தே இருந்தது. பதினொரு மணி வெயில் அவள் மடி மேல் விழுந்துகொண்டிருந்தது.

"இருட்டிக்கிட்டு வருது. உங்களத் தெரியலை. ஏங்க, எனக்கு ஒண்ணும் தெரியலைங்க!"

நர்ஸ் ஓடி வந்தாள். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. பெரிய டாக்டர் வந்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், நேராக சீனிச்சாமியிடம் பேசினார்.

"இதுக்கு மருந்து ஒண்ணுதான். பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளிய வரணும். காத்திருந்தா மறுபடி வலிப்பு வரும், மூளையில ரத்தம் கசியும். எட்டு மாசப் பிள்ளை, சின்னதா இருக்கும். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். ஆபரேஷன் பண்ணவா?"

"ரெண்டுல ஒண்ணுதான்னா மாரியக் காப்பாத்துங்க சார்."

"ரெண்டுக்கும் பாக்குறோம். கையெழுத்துப் போடுங்க."

போட்டான். தள்ளுவண்டி போனது. மாரிக்கனியின் கை காற்றில் எதையோ தேடிக்கொண்டே கதவுக்குள் மறைந்தது.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே மாடிப்படியில் சீனிச்சாமி உட்கார்ந்தான். இரண்டு படி கீழே அம்மா. இன்னும் கீழே சுகப்பிரியா, ஒரு இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு.



"அம்மா" என்றான். "டாக்டர் சொல்றாக, அப்பன் வழியிலயும் இது வருமாம். என் பக்கத்துல இருந்து."

முத்துமாரியம்மாளின் முதுகு அசையவில்லை.

"உனக்கு நெசமாவே ஒண்ணும் வரலையா?"

"அதான் வரலைன்னு சொன்னேன்ல."

"சரி."

அவன் மறுபடி கேட்டிருந்தால் அவள் மறுபடி மறுத்திருப்பாள். அவன் கேட்கவில்லை. முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கினான். மகன் அழுது அவள் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

"வந்துச்சு" என்றாள் முத்துமாரியம்மாள், படியைப் பார்த்தபடி.

அவன் நிமிர்ந்தான்.

"உன்னையப் பெக்கயில. மொகமெல்லாம் இவளுக்கு மாதிரியே ஊதிப்போச்சு. காலையில வாசல்ல நின்னு இவளப் பாத்ததும், கண்ணாடியில என் மொகத்தையே பாத்தாப்புல இருந்துச்சுய்யா. மூணு தடவ வெட்டி வெட்டி இழுத்துச்சாம். நாக்கக் கடிச்சுக்கிட்டேன். மூணு நாள் நெனவில்ல. முழிச்சுப் பாத்தா, நீ என் பக்கத்துல இல்ல."

"எங்க இருந்தேன்?"

"உங்க அப்பா கூடப்பொறந்தவகிட்ட. எனக்குக் காத்து கருப்பு புடிச்சிருச்சாம். நான் தொட்டா பிள்ளைக்கும் ஒட்டிக்கிடுமாம். நாப்பத்தஞ்சு நாள் உன்னைய என்கிட்டக் காட்டலை. பால் கட்டிக் காய்ச்சல்ல கெடந்தேன். பீச்சிச் செவுத்துல ஊத்துவேன். அதுக்கப்புறம் உங்க அப்பா என் பக்கத்துலயே வரலை. நீ ஒண்ணோட நின்னதுக்கு அதுதான் காரணம்."

"இத ஏம்மா சொல்லலை?"

"காத்து புடிச்சவ மகன்னு உன்னையச் சொல்லிட்டா யாரு பொண்ணு குடுப்பா? மறைச்சு மறைச்சு எனக்கே அது மறந்தாப்புல ஆகிப்போச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "இவளுக்கு வந்ததும் செத்தவன் மேல பழியப் போட்டேன். அவன் மேல போட்டுட்டா என் கதைய யாரும் கேக்க மாட்டாகளே."

சீனிச்சாமி இரண்டு படி இறங்கி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குக் கோபப்பட வேண்டும் போலிருந்தது. அதற்கு வலு இல்லை.

"டாக்டர்கிட்டச் சொல்லும்மா. எழுதிக்கிடட்டும். நாளைக்கு வாரவுகளுக்கு ஆகும்."

ஒரு மணிக்குச் சற்று முன்னால் கதவு திறந்தது. பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. அழுதது என்றாள் நர்ஸ், பூனைக்குட்டி மாதிரி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சூடு கொடுக்கிறார்கள். மூச்சு தானாக விடுகிறது. மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும்.

"தாய்க்கு?"

"பிரஷர் கொஞ்சம் எறங்கியிருக்கு. மயக்கம் தெளியட்டும்."

முத்துமாரியம்மாள் எழுந்து, தானாகவே அந்தச் சின்ன அறையைத் தேடிப் போனாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். டாக்டரம்மா காலையில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டதாகச் சொன்னாள். வந்தவள் உட்காரவில்லை. தாழ்வாரத்தின் கோடி வரை போவதும், கேட்டைப் பார்ப்பதும், திரும்புவதுமாக இருந்தாள். "ஏம்மா, உக்காரேன்" என்று சீனிச்சாமி இரண்டு முறை சொன்னான்.

நாலரை மணிக்கு மாரிக்கனிக்குத் தெளிவு வந்தது.

"பொம்பளப்பிள்ள மாரி. உசுரோட இருக்கு" என்று காதருகே சொன்னான்.

அவள் உதடு அசைந்தது. கண் திறந்திருந்தது. அவன் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அது பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் தெரியலைங்க."

பார்வை பெரும்பாலும் சில நாளில் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அப்படியே சொன்னான். 'பெரும்பாலும்' என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டான்.

"சுகா எங்க?"

"இங்கதான் நிக்குது. அம்மா பிடிச்சிருக்காக."

நெசமாகவே பிடித்திருந்தாள். முத்துமாரியம்மாளின் கை சிறுமியின் தோளை இறுக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வார்டு வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஜவுளிக்கடைப் பை. சங்கையாவின் அண்ணன் ராமசுப்பு.

"பெரியப்பா!" என்றாள் சுகப்பிரியா.

சீனிச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "வாங்க. யாரு சொன்னா உங்களுக்கு?"

"உங்க அம்மாதான். காலையில அருப்புக்கோட்டை பஸ்டாண்டுல எங்க ஊர் பஸ் கண்டக்டர்கிட்டச் சொல்லிவிட்டிருக்காக. பிள்ளைய வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி." ராமசுப்பு கட்டிலில் கிடந்தவளைப் பார்த்துக் குரலை அடக்கிக்கொண்டார். "கவுன் ஒண்ணு எடுத்தாந்தேன். எங்க அம்மா சேதி கேட்டதுல இருந்து வாசல்லயே உக்காந்திருக்கு. நாலு வருஷமா அது கேட்டுக்கிட்டிருந்தது இது ஒண்ணுதான்."



மாரிக்கனி குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். எழ முயன்றாள், தையல் இழுத்தது, படுத்துக்கொண்டாள்.

"அத்தை. நெசமா? நீங்களா சொல்லிவிட்டீக?"

அவளால் மாமியாரின் முகத்தைப் பார்க்க முடியாது. முத்துமாரியம்மாள் அந்தப் பார்வையில்லாத கண்ணைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"ஆமாத்தா. நாந்தான். காலையில சொன்னேன். இப்ப வேண்டாங்கிறேன். மத்தியானத்துல இருந்து இவுக வாரதுக்குள்ள என்ன செய்யன்னு தெரியாமத்தான் கேட்டுக்கும் இதுக்கும் நடந்தேன்." ராமசுப்புவின் பக்கம் திரும்பினாள். "தம்பி, நான் சொன்னது தப்பு. பிள்ளை எங்ககூட இருக்கட்டும்."

"வான்னா வரவும், போன்னா போகவும் நான் என்ன கூலிக்காரனா?" ராமசுப்பு கோபப்படவில்லை. அதுதான் சீனிச்சாமியைப் பயமுறுத்தியது. "எங்க தம்பி வச்சிட்டுப் போனது இது ஒண்ணுதான். தாய்க்குக் கண்ணு தெரியலை. புதுசா ஒரு பிள்ளை, பிழைக்குமோ என்னமோ. இந்த நெலமையில இதை யாரு பாப்பா? நான் நியாயத்தத்தான் கேக்குறேன்."

அவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். போகிறவராகத் தெரியவில்லை.

"சுகா" என்றாள் மாரிக்கனி. கையை நீட்டினாள். "எங்கத்தா நிக்கிற? பேசு. நீ பேசுனாத்தான் அம்மாவுக்குத் தெரியும்."

சுகப்பிரியா தோளிலிருந்த கையை விடுவித்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். காலையிலிருந்து அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் கேட்டதை எல்லாம் உள்ளேயே வைத்திருந்தாள். அம்மாவின் விரலைத் தொடாமல், ஒரு எட்டுத் தள்ளியே நின்றாள்.

"அம்மா, நான் போயிட்டா உனக்குக் கண்ணு தெரிஞ்சிருமா?"